பத்து மில்லிமீட்டர் தகுதி

என் மனைவி உஷாராணியின் மூளையில் மறுபடியும் வந்த கட்டி ஒன்பது மில்லிமீட்டர்தான் இருந்தது. அதனால் அவளுக்குத் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

படிக்கிறவர்கள் அவசரப்பட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். கட்டி சின்னதாக இருப்பது நல்ல செய்தி என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். கிள்ளானில் ஒரு இரும்புச் சாமான் கடையில் ஸ்டோர் பார்க்கிறவன் நான். இரண்டு அங்குல ஆணி கேட்டால் இரண்டு அங்குல ஆணி எடுத்துக் கொடுப்பேன். ஆராய்ச்சி விவகாரமெல்லாம் எனக்கு எங்கே தெரியும்?

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். உஷா பக்கத்து ஊரான மேருவில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் தரப் பரிசோதனையில் இருந்தவள். கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. போன வருடம் ஒரு நாள், ஒழுகுகிற கையுறைகளையெல்லாம் நல்லவை என்று அனுப்பிவிட்டாள். இடது பக்கம் ஒழுகியது எதுவும் அவள் கண்ணில் படவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். தலையைத் திறந்து கட்டியை எடுத்தார்கள், கதிர் வைத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். பதினோரு மாதம் நன்றாக இருந்தாள். பிறகு அதே இடத்தில் மறுபடி வந்துவிட்டது.

அறுவை செய்த டாக்டர் லோ சுற்றி வளைக்கத் தெரியாத மனிதர். மறுபடியும் எடுக்கலாம், எடுத்தாலும் வரும், சில மாதம் கூடக் கிடைக்கலாம் என்றார். கோலாலம்பூரில் மூளைநோய் உயர் ஆய்வு மையம் என்று ஒன்று புதிதாகத் திறந்திருக்கிறார்கள், அங்கே 'சினார்' என்று ஒரு பரிசோதனைத் திட்டம் ஆரம்பிக்கப் போகிறார்கள், அதில் சேர்ந்தால் அறுவையோடு சேர்த்து இரண்டு புது மருந்தும் கிடைக்கும் என்றார். சினார் என்றால் மலாயில் ஒளிக்கதிர். அதில் சேர்ந்தால் அங்கேயும் கத்தியைப் பிடிக்கப் போவது அவர்தான்.

"நிச்சயமா நல்லாகுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"தெரியாது. அதனாலதான் பரிசோதனை" என்றார். அந்த மையத்தோடு சம்பந்தப்பட்டவர்களில் எனக்குப் புரிகிற மாதிரி பேசிய கடைசி ஆள் அவர்.

கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் மின்ரயில் ஏறி, கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸில் ஆளுக்கொரு தோசை சாப்பிட்டுவிட்டு மையத்துக்குப் போனோம். ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பெண் வந்தாள். பெயர் கிளாரிசா. பிரிக்ஃபீல்ட்ஸ் தமிழ்ப் பெண்தான், பல நாள் தூங்காத முகம். உஷாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினாள்.

"உடம்புல காவலுக்கு ஆளுங்க இருக்காங்க ஆன்டி. இந்தக் கட்டி அவங்களைத் தூங்க வெச்சிருக்கு. இந்த ரெண்டு மருந்தும் சேந்து அவங்களை எழுப்பும். ஆபரேஷனுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு டோஸ். அப்புறம் கட்டியை எடுத்து, அவங்க உள்ள வந்தாங்களான்னு லேப்ல பாப்போம். அப்புறம் திரும்பவும் மருந்து."

"ஜாகாவைத் தட்டி எழுப்ப ரெண்டு பேரா?" என்றாள் உஷா. எங்கள் ஊரில் காவல்காரனுக்கு ஜாகா என்றுதான் பெயர்.

"ஒருத்தர் எழுப்பினா எழுந்திரிக்க மாட்டாங்க ஆன்டி."

"அது சரி, எங்க ஃபேக்டரி ஜாகாவும் அப்படித்தான். இதுல சேந்தா எனக்கு எத்தனை நாள் கூடக் கிடைக்கும்?"

"அதைத்தான் ஆன்டி நாங்க கண்டுபிடிக்கப் போறோம்" என்று கிளாரிசா சொன்னாள். உஷா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். அவளுக்கு வேண்டியதெல்லாம் நாள்தான். எனக்கும் அதுதான் வேண்டும்.

ஒப்புதல் படிவம் முப்பத்து நான்கு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். பக்கவிளைவுப் பட்டியலில் தோல் அரிப்புக்கும் வாய் உலர்தலுக்கும் நடுவில் 'இறப்பு' இருந்தது. உஷா பதினெட்டு வருட அனுபவத்தோடு ஒவ்வொரு பக்கமாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். இருபத்தொன்றாம் பக்கம் இரண்டு தடவை இருந்தது, இருபத்திரண்டாம் பக்கம் இல்லவே இல்லை. அவள் அதைச் சொன்னதும் எல்லாவற்றையும் கிழித்துப்போட்டுவிட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரம் முப்பத்து நான்கு கையெழுத்தும் போட்டு முடித்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்பது மில்லிமீட்டர்.

"ஆராய்ச்சி விதிப்படி குறைஞ்சது பத்து இருக்கணும் அங்கிள்" என்றாள் கிளாரிசா. "இல்லன்னா அளக்க முடியாதாம்."

"ஒம்பதுன்னு அளந்துதானே சொல்றீங்க?"

"அது அளவு. விதிப்படி அளவு இல்ல. மூணு வாரம் கழிச்சு வாங்க லா. கொஞ்சம் வளரட்டும்."

கொஞ்சம் வளரட்டும் என்பதை அவள் செடியைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னாள். பெயர் பதிவாகிவிட்டதால், காத்திருக்கும் நாளில் வேறு இடத்தில் அறுவை செய்துகொள்ளவும் கூடாதாம். செய்துகொண்டால் பெயர் அடிபட்டுப் போகும். நாங்கள் வீட்டுக்குப் போய் அது வளர்வதற்காகக் காத்திருந்தோம்.

இதற்கு நடுவில் திட்டத்தின் தொடக்க விழா வந்தது. தகுதி இல்லாவிட்டாலும் உஷா கட்டாயம் வர வேண்டுமென்று கடிதம் வந்தது. 'எதிர்காலப் பங்கேற்பாளர்' என்று அச்சடித்த அட்டையை அவள் கழுத்தில் மாட்டி, ஊதா நிறத்தில் ஒரு சட்டையும் கொடுத்து, முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். காலை எட்டு மணிக்கே வந்துவிட வேண்டும் என்றார்கள், வந்துவிட்டோம். திறந்து வைக்க வேண்டிய பெரிய மனிதருக்கு வேலை இருந்ததால் அவருடைய பிரதிநிதி வருவதாக இருந்தது. பிரதிநிதிக்கும் வேலை வந்துவிட்டதால் பிரதிநிதியின் பிரதிநிதி பதினொன்றரைக்கு வந்தார். கொம்பாங் மேளம் அடித்து அவரை உள்ளே அழைத்து வந்தார்கள். மேடையில் பெரிய கொங் மணி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். வழக்கமாக ஏழு முறை அடிப்பதாம். நோயாளிகளின் தலைவலியைக் கருத்தில் கொண்டு மூன்று முறைதான் அடிக்கப்போகிறோம் என்று அறிவித்துவிட்டு அடித்தார்கள்.

மையத்தின் தலைவர் பேராசிரியர் பழனியப்பன், அரசாங்கம் கொடுத்த பட்டத்தால் எல்லோருக்கும் டத்தோ. வெள்ளை மீசை, நல்ல குரல். மலாயிலும் ஆங்கிலத்திலும் முடித்துவிட்டு, எங்களைப் பார்த்ததும் தமிழுக்கு வந்தார்.

"இந்தத் திட்டத்துக்காக ஆறு வருஷம் நான் அலைஞ்சிருக்கேன். பதினேழு நாடு போயிருக்கேன். கட்டடம் வந்துச்சு, மெஷின் வந்துச்சு, பேர்ப்பலகை வந்துச்சு. ஒரே ஒரு குறைதான் இருந்துச்சு. நோயாளி. கடவுள் புண்ணியத்துல இன்னிக்கி அந்தக் குறையும் தீந்துச்சு. எலிங்க நமக்கு நல்ல ஒத்துழைப்பு குடுத்துச்சுங்க. ஒரு எலிகூட கேள்வி கேக்கல. மனுசங்களும் அதே மாதிரி ஒத்துழைப்பு குடுப்பாங்கன்னு நம்பறேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாததால் நானும் தட்டினேன். கிளம்பும்போது ஒரு பை கொடுத்தார்கள். அதில் பேனா, கோப்பை, அமுக்கி விளையாட மூளை வடிவத்தில் ஒரு ரப்பர் பந்து. உஷா ரயிலில் அந்தப் பந்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல ஓட்டை இருக்கு. ரிஜெக்ட்" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். கொங் மணி இன்னும் தலைக்குள் அடித்துக்கொண்டிருக்கிறது என்று ஷா ஆலாம் தாண்டிய பிறகு சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து ஸ்கேனில் பதினான்கு மில்லிமீட்டர் வந்தது. கிளாரிசா ஓடி வந்து, "கங்கிராட்ஸ் ஆன்டி!" என்று உஷாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அடுத்த நொடியே அவள் முகம் என்னவோ போல ஆகிவிட்டது. ஆனால் சொன்னது சொன்னதுதான். நானும் "தேங்க்ஸ்" என்றுதான் சொன்னேன். கிள்ளானுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு சின்னையா அண்ணன் என்ன ஆச்சு என்று கேட்டார். பாஸ் ஆயிட்டா அண்ணே, பதினாலு, என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கேட்டைச் சாத்தினார்.

மருந்து ஏற்ற அடுத்த வாரம் தேதி கொடுத்தார்கள். இங்கேதான் நாங்கள் ஒரு தப்பு செய்தோம்.

"எப்படியும் ஆபரேஷனுக்குத் தலையைச் சிரைக்கப் போறாங்க. சும்மா குப்பையில போற முடி, முருகனுக்காவது போகட்டும்" என்றாள் உஷா. பத்துமலைக்குப் போய் முடி எடுத்தோம். முடி எடுத்தவர் ஒரு வாளியில் கரைத்து வைத்திருந்த சந்தனத்தைத் தலை முழுக்கப் பூசிவிட்டார். உஷா படிக்கட்டைக் கீழே நின்று பார்த்தாள், ஏறவில்லை. எனக்கு ஒரு வருசம் குடு, அதுக்கு மேல கேக்கல, என்று சத்தமாகவே சொல்லிக் கும்பிட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மருந்து ஏற்றும் நாளில் கிளாரிசா வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். காய்ச்சல் உண்டா, வாந்தி உண்டா, வேறு மருந்து ஏதாவது எடுத்தீர்களா?

"மருந்து எதுவும் எடுக்கல. மொட்டை போட்டுச் சந்தனம் தடவினாங்க. தலைவலிக்கு அவ்வளவு இதமா இருந்துச்சு, உங்க மாத்திரையவிட" என்றாள் உஷா.

கிளாரிசாவின் பேனா நின்றது. "ஆன்டி, இதை ஏன் என்கிட்ட சொன்னீங்க?" என்றாள் மெதுவாக. அவள் நல்ல பெண். ஆனால் கேட்டதற்கு வந்த பதிலை எழுதாமல் விட அவளுக்கு அதிகாரம் இல்லை. எழுதினாள். பாரம்பரிய மருந்து, கோவில் நேர்த்திக்கடனின்போது தலையில் பூசப்பட்டது, நோக்கம் தலைவலி நிவாரணம், அளவு தெரியாது. திட்டத்தில் சேர்கிறவர் பதினான்கு நாளுக்குள் பாரம்பரிய மருந்து எடுத்திருக்கக் கூடாது என்பது விதி. விஷயம் கமிட்டிக்குப் போயிற்று. கமிட்டி மாதத்துக்கு ஒரு முறைதான் கூடும்.

அந்த மாதம் முழுவதும் உஷாவின் தலைவலி ஏறிக்கொண்டே போனது. வீக்கத்துக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை ஏற்கெனவே பாதியாகக் குறைத்திருந்தார்கள். அது புது மருந்தின் வேலையைக் கெடுக்குமாம். புது மருந்தோ இன்னும் வரவில்லை. இடது கையில் பிடித்த தம்ளர் தானாக நழுவி விழும். விழுந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். ஒரு நாள் விழுந்த தம்ளரைப் பார்த்துக்கொண்டே, "டெஸ்டுல ஃபெயிலாயிட்டேன் பாருங்க" என்றாள். நான் அதைப் பெருக்கினேன். பயமாக இருந்தது. ஆனால் பயமும் தூரத்தில் யாருக்கோ இருப்பது மாதிரிதான் இருந்தது.

கமிட்டிக்கு என்னை வரச் சொன்னார்கள். நீளமான மேசையைச் சுற்றிப் பதினோரு பேர். கறிபாப் பலகாரம், தே தாரிக் என்கிற நுரைத் தேநீர் எல்லாம் வந்து இறங்கிய பிறகு கூட்டம் தொடங்கியது. மருந்தியல் அதிகாரி ஒருவர் சந்தனத்தில் என்னென்ன கலந்திருந்தது என்று கேட்டார். வாளியில் இருந்தது என்றேன். வாளி எத்தனை லிட்டர் என்றார். தெரியாது என்றேன். எழுதிக்கொண்டார்.

கண்ணாடி போட்ட ஒரு அம்மா, நேர்த்திக்கடன் என்று இதில் எழுதியிருக்கிறதே, அது என்ன என்று கேட்டார். டத்தோவே பதில் சொன்னார்.

"நானும் பத்துமலைக்குப் போறவன்தான், தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா விஞ்ஞானமா பாக்கணும். நேர்த்திக்கடன்னா என்ன? ஒரு பலனை எதிர்பாத்துச் செய்யற காரியம். நம்ம மருந்தும் அதேதான். ஒரே நோயாளி, ஒரே நேரம், ரெண்டு முயற்சி. வேற ஆராய்ச்சில சேந்திருக்கறவங்களை நாம சேக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. நாளைக்கு இவங்க பொழச்சிட்டாங்கன்னு வைங்க. யாரால பொழச்சாங்க? கட்டுரைல நான் யார் பேரைப் போடறது?"

எனக்குப் பேச அனுமதி உண்டா என்று தெரியவில்லை. இருந்தாலும் சொன்னேன். "ரெண்டு பேர் பேரையும் போட்டுருங்க டத்தோ."

அவர் உண்மையாகவே யோசித்தார். மீசையைத் தடவினார்.

"முதல் பேர் யாரோடது?" என்றார்.

மேசையில் யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. பிழைத்துவிட்டால் என்ற பேச்சு அந்தக் கட்டடத்தில் வந்ததே அன்றுதான் முதல் தடவை. அதுவும் ஒரு தொந்தரவாகத்தான் வந்தது.

இரண்டரை மணி நேரம் பேசி ஒருமனதாக முடிவெடுத்தார்கள். சந்தனம் உடம்பைவிட்டு முழுதாக நீங்கப் பதினான்கு நாள் போக வேண்டும். அந்தப் பதினான்கு நாள் முடி எடுத்த நாளிலிருந்து எண்ணப்படாது, கமிட்டி முடிவெடுத்த நாளிலிருந்துதான் எண்ணப்படும். தவிர நான் ஒரு உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். அதன் வாசகம் எனக்கு இன்னும் மனப்பாடம். 'நேர்த்திக்கடன் முழுமையாக நிறைவேற்றப்பட்டுவிட்டதால், மேற்படி தெய்வத்தின் தரப்பிலிருந்து தொடரும் சிகிச்சை எதுவும் இல்லை என்று அறிந்தவரையில் உறுதி கூறுகிறேன்.' முருகன் சார்பாக நான் கையெழுத்துப் போட்டேன். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மீதியிருந்த கறிபாப்பைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

மருந்து ஏற்றிய அன்று கட்டி முப்பத்தொரு மில்லிமீட்டர். தகுதிக்கு மூன்று மடங்கு. மேல் வரம்பு கிடையாதா என்று கேட்டேன். வரம்பு வைத்தால் ஆள் கிடைக்காது என்று டத்தோ ஒளிக்காமல் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து அறுவை. வெளியே நான் தனியாக உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டு போனால் நிற்க இடமில்லை. இருபது பேர் இருந்தார்கள். யாரும் உஷாவுக்காக வரவில்லை, கட்டிக்காக வந்திருந்தார்கள். வெட்டியெடுத்த துண்டு இருபது நிமிடத்துக்குள் ஆறாம் மாடி லேபுக்குப் போக வேண்டுமாம். ஒரு மின்தூக்கியைப் பிடித்து நிறுத்தி, கதவில் ஒரு ஆளையும் போட்டிருந்தார்கள். பத்து மணிக்குள் துண்டை வைத்த பெட்டி வெளியே வந்தது. எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். டத்தோவே இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டு மின்தூக்கிக்குள் போனார், பின்னாலேயே மற்றவர்களும் போய்விட்டார்கள். உஷா ஒரு மணிக்கு வெளியே வந்தாள். தள்ளிக்கொண்டு வந்த அட்டெண்டர் மின்தூக்கிக் கதவைத் தட்டிப் பார்த்தார். இன்னும் ஆய்வுக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று தாள் ஒட்டியிருந்தது. அடுத்த மின்தூக்கிக்காக நாங்கள் மூவரும் நின்றோம்.

டாக்டர் லோ தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முடிந்த அளவு எடுத்துவிட்டேன், ஆழத்தில் இருப்பதைத் தொட முடியவில்லை என்றார்.

"ஒம்பதா இருந்தப்பவே எடுத்திருந்தா, டாக்டர்?"

அவர் கையிலிருந்த தொப்பியை மடித்தார். "சொல்ல முடியாது" என்றார். பிறகு, "கேக்கறது தப்பில்ல" என்றார்.

உஷா அதற்குப் பிறகு முப்பத்தெட்டு நாள் இருந்தாள். மூளை வீங்கியது. மருந்தினால் வீங்குகிறதா கட்டியினால் வீங்குகிறதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து விவாதித்தார்கள். இரண்டாவது டோஸ் கொடுக்கவே இல்லை. பேச்சு குழறியது, ஆனால் சொல்ல வந்ததை முடிக்காமல் விடமாட்டாள். ஒரு நாள் மத்தியானம் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஜாகா... வந்தாங்களாமா?"

"ரிப்போர்ட் இன்னும் வரல உஷா."

"லேட்டு" என்றாள். மூன்று நாள் கழித்துப் போய்விட்டாள். கிள்ளானில் எரித்தோம். சாம்பலைக் கடலில் கரைத்தேன். அழுவேன் என்று நினைத்திருந்தேன், அழுகை வரவில்லை.

ஒரு மாதம் கழித்து மையத்திலிருந்து கூப்பிட்டார்கள். எதற்கென்று கேட்காமல் ரயில் ஏறினேன். டத்தோ எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.  இத்தனை நாளாக வராத அழுகை இவரிடமா வர வேண்டும் என்று நினைத்தேன். அவர் பெரிய திரையில் ஒரு படத்தைப் போட்டுக் காட்டினார். நீலமும் பழுப்புமாக ஏதோ புள்ளிகள்.

"வந்துட்டாங்க மிஸ்டர் சுகுமாறன்! பாருங்க, எத்தனை பேருன்னு. ரெண்டு மருந்தும் வேலை செஞ்சிருக்கு. காவலுக்கு இருக்கற அத்தனை பேரும் உள்ள வந்துட்டாங்க. ஆய்வோட முதல் இலக்கு நூறு சதவீதம் நிறைவேறிடுச்சு. அடுத்த மாசம் வியன்னா மாநாட்டுல இதைத்தான் காட்டப்போறேன்."

"உஷா இறந்துட்டாங்க டத்தோ" என்றேன். அவருக்கு யாரும் சொல்லவில்லையோ என்று சந்தேகமாகிவிட்டது.

"தெரியும், தெரியும். ரொம்ப வருத்தம். ஆனா அது இரண்டாவது இலக்குல வருது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. படிவத்தில் அப்படித்தான் இருந்தது.

கிளாரிசா என்னை வெளியே அழைத்துக்கொண்டு போய் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தாள். கையில் ஒரு தாள் வைத்திருந்தாள். அதைத் தராமல் ரொம்ப நேரம் மடியிலேயே வைத்திருந்தாள்.

"ஒரே ஒரு கையெழுத்து அங்கிள். இதுதான் கடைசி. ஆன்டியோட கட்டில கொஞ்சம் மிச்சமிருக்கு, ஃப்ரீசர்ல. குடும்பத்துக்கிட்ட கேக்கணும். வெச்சிருக்கலாமா, அழிச்சிரலாமான்னு."

"வெச்சிருந்தா எத்தனை நாளைக்கு இருக்கும்?"

"பதினஞ்சு வருசம் அங்கிள். அதுக்கு மேலயும் இருக்கும், ஆனா விதிப்படி பதினஞ்சு."

பதினைந்து வருடம். கேட்டவளுக்கு ஒரு வருடம்கூட அவர்களால் தர முடியவில்லை. அவளைத் தின்றதை மட்டும் பதினைந்து வருடம் பத்திரமாக வைத்திருக்க முடிகிறது. அவள் உடம்பில் எரியாமல் மிஞ்சியிருப்பதும் அது ஒன்றுதான். அழித்துவிடச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்ல வரவில்லை. தாளில் இரண்டு கட்டம் இருந்தது. எதில் சரி போடுவது என்று கேட்டேன். அதைச் சொல்லத் தனக்கு அனுமதி இல்லை என்றாள் கிளாரிசா. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அது அங்க வளருமா?" என்று கேட்டேன்.

"வளராது அங்கிள். ஒரு மில்லிமீட்டர்கூட வளராது."

"அப்படின்னா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கினேன்.